மக்கும் ஷீட் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

தை மாதம் போடும் தர்பூசணிக்கு இந்தத் தடவை மக்கும் மல்ச்சிங் ஷீட் விரிக்கலாமா என்று கேட்டிருந்தாய். விரிக்கலாம் கண்ணு. ஆனால் கடைக்காரர் உன்னிடம் சொன்ன இரண்டில் ஒன்று பாதி உண்மை, இன்னொன்று வெறும் வியாபாரப் பேச்சு. "அறுவடை முடிஞ்சதும் ரோட்டவேட்டர் விட்டுட்டா ஒரே மாசத்துல மண்ணோட மண்ணாயிடும்" என்றாராம். மண்ணைப் பொறுத்து, ஈரத்தைப் பொறுத்து, ஷீட்டைப் பொறுத்து அது நடக்கும். ஆனால் ஒரு மாதத்தில் நடக்காது. "ஷீட்டே உரமாயிடும்" என்றாரே, அதை அங்கேயே விட்டுவிட்டு வா. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஷீட்டைத் தானாகக் கரைந்துபோகும் பொருள் என்று நினைக்காதே. அதைத் தின்ன ஆள் வேண்டும். உன் மண்ணில் இருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அந்த ஆள். அவை பசியோடு, ஈரத்தோடு, கூட்டமாக இருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் நீ கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ஷீட்டும் சாதா ஷீட் மாதிரியே கிழிந்து கிழிந்து வயலில் கிடக்கும்.

சாதா ஷீட் பாலித்தீன். கார்பனும் கார்பனும் நீளமாகக் கோத்த சங்கிலி அது. நுண்ணுயிர்கள் கக்கும் நொதிகளுக்கு அதில் வெட்டுவதற்கு இடமே கிடைக்காது. வெயிலில் பொடிந்து துண்டாகும், துண்டு இன்னும் சின்னத் துண்டாகும், அவ்வளவுதான். மக்கும் ஷீட்டில் பெரும்பாலும் இருப்பது பி.பி.ஏ.டி. என்ற ஒரு வகை பாலியெஸ்டர், கூடவே பி.எல்.ஏ. என்ற இன்னொரு பாலியெஸ்டரோ மாவுச்சத்தோ கலந்திருப்பார்கள். பாலியெஸ்டர் சங்கிலியில் இடையிடையே எஸ்டர் என்ற கண்ணி வரும். நுண்ணுயிருக்கு அந்தக் கண்ணியை அறுக்கத் தெரியும், ஏனென்றால் செடிகளின் இலை மேல்தோலில் மெழுகுபோல் இருக்கும் க்யூட்டினும் இதே மாதிரி எஸ்டர் கண்ணிகளால் ஆனதுதான். இலைக்குள் நுழையும் பூஞ்சைகள் காலம் காலமாக அந்தத் தோலை அறுத்துத்தான் உள்ளே போகின்றன. அதே நொதி ஷீட்டிலும் வேலை செய்கிறது. ஜப்பானில் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் நெல் இலையின் மேல் வாழும் ஒரு ஈஸ்ட்டிலிருந்தே மக்கும் பிளாஸ்டிக்கைத் தின்னும் நொதியை எடுத்திருக்கிறார்கள். நெல் வயலில் சும்மா கிடக்கிற உயிர் அது!

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் நுண்ணுயிர் ஷீட்டின்மேல் ஒட்டிக்கொண்டு நொதியைக் கக்கிச் சங்கிலியைச் சின்ன மூலக்கூறுகளாக அறுக்கிறது. அப்புறம் அந்த மூலக்கூறுகளை உள்ளே இழுத்துச் சாப்பிடுகிறது. இரண்டாவது கட்டம் நடந்தால்தான் மக்கியது என்று கணக்கு. 2018இல் சூரிக் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கார்பன்-13 என்ற அடையாளக் கார்பனை வைத்து பி.பி.ஏ.டி. தயாரித்து, அதை மண்ணில் புதைத்து, அந்தக் கார்பன் எங்கே போகிறது என்று தேடினார்கள். ஒரு பங்கு கரியமில வாயுவாக வெளியே வந்தது. இன்னொரு பங்கு பூஞ்சை இழைகளின் உடம்புக்குள்ளேயே இருந்தது. பிளாஸ்டிக்கிலிருந்த கார்பன் உயிரின் சதையாக மாறியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதனால் "மக்கும் என்று சொல்வதே புரட்டு" என்று மாப்பிள்ளை சொன்னாரானால், அவருக்கு இதைச் சொல்.

பில் போடும் முன் பார்க்க வேண்டியது

பச்சை நிறத்தில் இலைப் படம் போட்டிருந்தால் மக்கும் என்று அர்த்தமில்லை. இந்த வியாபாரத்தில் நாலு வகைச் சரக்கு ஒரே அலமாரியில் கிடக்கிறது.

மண்ணில் மக்கும் ஷீட்டுக்கென்றே ஐரோப்பாவில் 2018இல் வந்த தரம் இ.என். 17033. மண்ணில் வைத்துச் சோதிக்கும்போது 24 மாதத்துக்குள் ஷீட்டின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதோடு செடி முளைப்பு, மண்புழு, அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா ஆகிய மூன்றுக்கும் கெடுதல் இல்லை என்றும் காட்ட வேண்டும். நமக்கு வேண்டியது இந்தச் சரக்குதான். அந்த 24 மாதத்தையும் சரியாகப் புரிந்துகொள். ஆய்வகத்தில் மண்ணை எப்போதும் ஈரமாகவும் 25 டிகிரி வாக்கிலும் வைத்துக்கொண்டு பார்ப்பது அது. உன் காட்டுக்குச் சித்திரை வெயில் தெரியும், ஆய்வகத்துக்குத் தெரியாது.

இரண்டாவது, "கம்போஸ்டபிள்" சரக்கு. ஐ.எஸ்.ஓ. 17088, ஏ.எஸ்.டி.எம். டி 6400 என்ற எண்கள் இருக்கும். நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றோடு வரும் கேரி பேக் எல்லாம் இந்த வகை. தொழிற்சாலைக் கம்போஸ்ட் குவியலில் 58 டிகிரி வாக்கில் சூடு ஏறும். அந்தச் சூட்டில் மக்கும் என்பதற்கான சான்று இது. அதில் பாஸானது வயல் மண்ணில் மக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. குறிப்பாக பி.எல்.ஏ. அதிகமாக இருந்தால் மண்ணின் சாதாரணச் சூட்டில் மிக மெதுவாகத்தான் நகரும்.

மூன்றாவது ஆக்ஸோ வகை. பாலித்தீனிலேயே உலோக உப்பைக் கலந்து வெயிலில் சீக்கிரம் பொடியும்படி செய்தது. விலை குறைவு, கண்ணுக்கும் சீக்கிரம் மறைந்துவிடும், மறைவது நுண்துகளாகத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து இதைத் தடை செய்துவிட்டது. சும்மா கொடுத்தாலும் வாங்காதே.

நாலாவதுதான் வேடிக்கை. கரும்பிலிருந்து செய்த பாலித்தீன் பிரேசிலிலிருந்து வருகிறது. "செடியிலிருந்து செய்தது" என்று தைரியமாகப் போடலாம், பொய்யில்லை. ஆனால் அது அச்சு அசல் பாலித்தீன், மக்காது. மறுபக்கம் பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, அது மக்கும். ஆகவே "எதிலிருந்து செய்தது" என்று கடையில் கேட்டால் பதில் உனக்கு உதவாது. "மண்ணில் மக்கும் சான்று எந்தத் தரத்தில் இருக்கிறது, பில்லில் எழுதித் தருவீர்களா" என்று கேள். தயங்கினால் அந்த ஆளிடம் வழக்கமான 30 மைக்ரான் சில்வர் ஷீட்டையே வாங்கிக்கொண்டு வந்துவிடு. அதை அறுவடைக்குப் பிறகு முழுசாகச் சுருட்டி எடுக்க முடியும். அரைகுறையாக மக்கும் ஷீட்டை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

மானியத்தையும் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள். பிளாஸ்டிக் நிலப்போர்வைக்கு இருக்கும் மானியம் மக்கும் ஷீட்டுக்கும் பொருந்துமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். இயற்கை விவசாயச் சான்று எடுக்கும் எண்ணம் இருந்தால் சான்று கொடுப்பவர்களையும் கேள். அமெரிக்காவில் 2014இல் அங்கக விவசாயத்துக்கு மக்கும் ஷீட்டை அனுமதித்தார்கள், ஆனால் முழுக்க முழுக்கத் தாவர மூலத்திலிருந்து செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் சரக்கு சந்தையில் இல்லாததால் அனுமதி காகிதத்திலேயே நின்றுவிட்டது.

ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்

இதை நீயே பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தால் உரம் என்ற பேச்சும் அடங்கும், விஷம் என்ற பேச்சும் அடங்கும்.

பாத்திக்குப் பாத்தி 6 அடி விட்டால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 2,200 மீட்டர் மேட்டுப்பாத்தி வரும். 1.2 மீட்டர் அகல ஷீட், 400 மீட்டர் ரோல் என்றால் ஐந்தரை ரோல். 20 மைக்ரான் மக்கும் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிராம் இருக்கும். மொத்தம் 65 கிலோ வாக்கில் வரும். அதில் கார்பன் சுமார் 40 கிலோ.

இப்போது மண். மேல் அரை அடி மண் மட்டும் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 8 லட்சம் கிலோ. உன் மண்வள அட்டையில் அங்ககக் கார்பன் 0.5 சதவீதம் என்று இருந்தால் அந்த மண்ணில் ஏற்கெனவே 4,000 கிலோ கார்பன் இருக்கிறது. 5 டன் தொழுவுரம் கொட்டினால், ஈரத்தைப் பொறுத்து, இன்னும் 500 கிலோவுக்குக் குறையாமல் சேரும். இந்தக் கூட்டத்தில் ஷீட்டின் 40 கிலோ எந்த மூலைக்கு? அதுவும் தழைச்சத்து, மணிச்சத்து எதுவும் இல்லாத வெறும் கார்பன். ஷீட்டைப் போட்டுவிட்டு எருவைக் குறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

தழைச்சத்து விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நுண்ணுயிர் வெறும் கார்பனைத் தின்று உடம்பு வளர்க்க முடியாது, கூடத் தழைச்சத்தும் வேண்டும். ஷீட்டில் அது இல்லாததால் பக்கத்து மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். பச்சை மரத்தூளைக் கொட்டினால் பயிர் வெளுப்பது இதனால்தான். ஷீட்டில் மொத்தக் கணக்கு ஏக்கருக்கு 2 கிலோ தழைச்சத்து வாக்கில்தான் வரும், அதுவும் மாதக்கணக்கில் பரவி நடக்கும். கவலைப்பட வேண்டிய அளவே இல்லை. ஆனால் ஷீட் வயல் முழுக்கச் சமமாகப் பரவாது. ரோட்டவேட்டர் சரியாக அடிக்காத இடத்தில் சுருண்டு மடிந்து கட்டியாகக் கிடக்கும். அந்தக் கட்டிமேல் விதை விழுந்தால் நாற்று வெளுத்துத்தான் வரும். அங்கேயும் இங்கேயும் திட்டுத் திட்டாக வெளுத்தால் நோய் என்று மருந்து அடிக்காமல் முதலில் கொத்திப் பார்.

விஷம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒரு தொட்டிச் சோதனை செய்தார்கள். மாவுச்சத்து கலந்த மக்கும் ஷீட் துகள்களை மண்ணில் கலந்து கோதுமை விதைத்தார்கள். சாதா பாலித்தீன் துகளைவிட இந்தத் துகள்தான் கோதுமையை அதிகம் பாதித்தது. வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக் கூட்டமும் மாறியிருந்ததைப் பின்னால் பார்த்தார்கள். நல்ல சோதனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கலந்தது மண் எடையில் 1 சதவீதம். நம் ஏக்கர் கணக்கில் அது 8,000 கிலோ. வருடத்துக்கு ஒரு தடவை நீ ஷீட் விரித்து, ஒரு கிராம்கூட மக்காமல் அப்படியே சேர்ந்தால் 120 வருடம் ஆகும் அந்த இடத்துக்கு வர. செய்தியில் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பயப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சோதனையில் மண்புழு விட்ட தொட்டிகளில் பயிர் கொஞ்சம் தேறி வந்தது என்பதை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

உண்மையான வயலில் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில், வாஷிங்டன் மாநிலத்து மவுண்ட் வெர்னன் என்று இரண்டு ஊரில் பூசணிப் பயிரில் பல வகை மக்கும் ஷீட், பாலித்தீன், காகிதம், வெறும் மண் என்று விரித்து, மண் நுண்ணுயிர்க் கூட்டத்தை வருடக்கணக்காகச் சோதித்தார்கள். ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் இருந்த வித்தியாசம்தான் பெரியதாக இருந்தது. எந்த ஷீட் என்பதால் வந்த வித்தியாசம் அதற்கு முன் சின்னதாகத் தெரிந்தது. இதை நான் முழு நற்சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்து, பதினைந்து வருடம் தொடர்ந்து உழுதுவிட்ட வயல் வேறு கதை சொல்லலாம். ஆனால் ஓரிரு பருவத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

அதே ஊர்களில் ஷீட் துண்டுகளை வலைப்பையில் வைத்துப் புதைத்தும் பார்த்தார்கள். கம்போஸ்ட் குவியலில் சில மாதத்திலேயே ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. வயல் மண்ணில் 3 வருடம் கழித்தும் மிச்சம் இருந்தது. வெதுவெதுப்பான நாக்ஸ்வில்லில் வேகம், குளிரான மவுண்ட் வெர்னனில் மந்தம். நமக்குச் சூடு பிரச்சினையில்லை. ஈரம்தான் பிரச்சினை.

விரித்திருக்கும்போது

ஷீட் மண்ணின் மேல் இருக்கும் மூன்று மாதமும் நுண்ணுயிருக்கு அது உணவு கிடையாது, கூரைதான். ஈரம் காக்கிறது, சூடு ஏற்றுகிறது. இரண்டும் அளவோடு இருந்தால் நுண்ணுயிர் சுறுசுறுப்பாகி இருக்கும் அங்ககப் பொருளைச் சீக்கிரம் கரைத்துச் செடிக்குக் கொடுக்கும். ஷீட் போட்ட பயிர் ஆரம்பத்தில் தளதளவென்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியென்றால் எரு சீக்கிரம் செலவாகிறது என்றும் அர்த்தம். எந்த ஷீட்டாக இருந்தாலும், பாத்தி போடும்போது அடியில் நன்றாக மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகப் போடு. அப்புறம் ஷீட்டுக்கு அடியில் எருவைத் தள்ள முடியாது.

கருப்பு ஷீட் மாசிக் கடைசி, பங்குனி வெயிலில் மேல் இரண்டு விரல் மண்ணைக் கொதிக்க வைத்துவிடும். மக்கும் ஷீட்டில் கருப்புதான் எளிதாகக் கிடைக்கிறது, நமக்குப் பழகிய சில்வர் மேல் ஷீட் மாதிரி கிடைப்பது கஷ்டம். அதனால் கொடி படர்ந்து பாத்தியை மூடும்வரைக்கும் சொட்டுநீரை ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விடு. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா திரவம் விடுவதாக இருந்தால் சாயங்காலம் விடு. இலைப்பேனுக்கு சில்வர் ஷீட் கொடுக்கும் அந்தச் சின்னப் பாதுகாப்பு கருப்பில் கிடைக்காது, மஞ்சள், நீல ஒட்டுப்பொறிகளை முதலிலேயே கட்டிவிடு.

விரிக்கும்போது டிராக்டர்காரரிடம் சொல்லிவிடு: பாலித்தீன் மாதிரி இழுத்து விறைப்பாக விரிக்கக் கூடாது. மக்கும் ஷீட் இழுவை தாங்காது, இழுத்த இடத்தில் மெலிந்து சீக்கிரம் கிழியும். ஓரத்தை மண் அணைத்த இடம்தான் முதலில் மக்கும், ஏனென்றால் அங்கேதான் ஈரமும் நுண்ணுயிரும் ஷீட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அந்த ஓரம் விட்டுப்போனதும் காற்றில் ஷீட் படபடக்கும். வாரம் ஒரு தடவை நடந்து பார்த்து, கிளம்பிய இடத்தில் ஒரு கை மண் அள்ளிப் போடு. கோரை இருக்கும் வயலென்றால் அது எந்த ஷீட்டையும் குத்திக்கொண்டு வெளியே வரும். மக்கும் ஷீட்டை இன்னும் சுலபமாகக் குத்தும். அந்த வயலை இதற்கு எடுக்காதே. மிளகாய் மாதிரி எட்டு மாதம் நிற்கும் பயிருக்கும் வேண்டாம். தர்பூசணி, வெள்ளரி, தக்காளி சரி.

தர்பூசணிக்கே உள்ள ஒரு தொல்லை: காய் ஷீட்டின்மேல் உட்கார்ந்தால், பழுக்கும் நேரத்தில் ஷீட்டும் மெலிந்திருப்பதால் காயின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். பூசணியில் இது தெரிந்த பிரச்சினை. மண்டி வியாபாரி அதைப் பார்த்தால் விலை பேச ஒரு சாக்கு கிடைத்த மாதிரிதான். காய் முட்டை அளவு இருக்கும்போதே ஷீட்டிலிருந்து தள்ளி, வாய்க்கால் பக்கம் கொஞ்சம் வைக்கோல் போட்டு அதன்மேல் திருப்பி விடச் சொல்.

அறுவடைக்குப் பிறகுதான் உண்மையான வேலை

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். தை விதைப்பு என்றால் பங்குனி முடியும்போது காய் வெட்டி முடிந்திருக்கும். அப்போது ஷீட்டை உழுதுவிட்டு வயலைச் சும்மா போட்டால் என்ன ஆகும்? சித்திரை மாத மண்ணில் ஈரம் கிடையாது. ஈரம் இல்லாத மண்ணில் நொதி நகராது, பூஞ்சை இழை நீளாது, பாக்டீரியா சுருண்டு படுத்துவிடும். ஆடி வரைக்கும் ஷீட் போட்டது போட்டபடி இருக்கும். அதற்குள் மேலே கிடக்கிற துண்டெல்லாம் காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்து வேலியிலும் உன் பண்ணைக்குட்டையிலும் போய்ச் சேர்ந்துவிடும். தண்ணீரில் விழுந்த துண்டு மண்ணில் மக்கும் வேகத்தில் மக்காது.

அதனால் இப்படிச் செய். முதலில் சொட்டுநீர்ப் பக்கவாட்டுக் குழாய்களை எல்லாம் சுருட்டி எடு. கொடியைப் பிடுங்க வேண்டாம், ஷீட்டோடு சேர்த்து அரைபடட்டும். கொடியில் இருக்கும் தழைச்சத்து ஷீட்டைத் தின்னும் நுண்ணுயிருக்கு உதவும். வயலில் ஒரு தண்ணீர் கட்டி, மண் கையில் பிடிக்கும் பதம் வந்ததும் ரோட்டவேட்டரை மெதுவாக இரண்டு ஓட்டு ஓட்டு. ஷீட் துண்டு நாலு விரலுக்கு மேல் மண்ணுக்குள் போக வேண்டும். ரொம்ப ஆழமாகப் புரட்டிப் போட்டாலும் நல்லதில்லை. காற்று அங்கே குறைவு.

அந்தப் பதத்திலேயே சணப்பையோ தக்கைப்பூண்டையோ தூவிவிடு. பல தானியம் இருந்தால் இன்னும் நல்லது. பச்சை வேர் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர் கூடும், நிழல் இருப்பதால் ஈரம் நிற்கும், தழைச்சத்தும் வரும். கோடை மழை ஒன்று இரண்டு கிடைத்தால் செலவில்லாமலே வளர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் இரண்டு தண்ணீர் விட வேண்டியிருக்கும். பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடு. அடுத்து அந்த வயலில் நேரடி விதைப்புப் பயிரைவிட நாற்று நடும் பயிராகப் போட்டால், துண்டு கிடக்கும் மண்ணில் முளைப்புப் பழுதாகும் தொல்லையும் இருக்காது.

காப்பர் மருந்தையோ கார்பெண்டசிமையோ வேர்ப்பக்கம் ஊற்றும் பழக்கத்தை இந்த வயலில் குறை. நீ கொல்லும் பூஞ்சையில் ஷீட்டைத் தின்னும் பூஞ்சையும் இருக்கும். மறுபக்கம், வாடல் நோய் தலைகாட்டிய வயலில் நானாக இருந்தால் ஷீட்டை உழுதுவிட மாட்டேன். வாடலைக் கொண்டுவரும் ஃபியூசேரியம் குடும்பத்தைச் சேர்ந்த சில பூஞ்சைகள் இந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தின்னக்கூடியவை என்று ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். நோய்க்கு நாமாகத் தீனி போட வேண்டாமே. அந்த வயல் ஷீட்டை எடுத்து, சாணியோடு கலந்து குழியில் கம்போஸ்டாகப் போடு. எடுத்த ஷீட்டை வீட்டுப் பழைய பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் காயலான் கடைக்குப் போடாதே. பாலித்தீனோடு கலந்தால் அந்த மூட்டையே மறுசுழற்சிக்கு ஆகாது.

கொசுவலைப் பை

கடைக்காரர் பேச்சையும் நம்ப வேண்டாம், என் பேச்சையும் நம்ப வேண்டாம். உன் மண்ணையே கேள். ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதைத்தான் சின்ன அளவில் செய்யப் போகிறாய்.

பழைய நைலான் கொசுவலையை உள்ளங்கை அளவுக்குப் பைகளாகத் தைத்துக்கொள். ஒவ்வொரு பையிலும் மக்கும் ஷீட்டில் நாலு விரல் சதுரம் ஒன்று, மாமாவின் பழைய பருத்தி வேட்டியில் அதே அளவு ஒன்று, சாதா பாலித்தீன் ஷீட்டில் ஒன்று என்று மூன்று துண்டு போடு. வேட்டி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். வாயைக் கட்டி, நைலான் கயிறு ஒன்றை வெளியே விட்டு, வயலில் அரை அடிக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் புதை. மேட்டில் சில, பள்ளத்தில் சில, எரு அதிகம் விழும் இடத்தில் சில, கிணற்று மேட்டு வறண்ட மண்ணில் சில. ஒவ்வொரு இடத்திலும் குச்சி நட்டு அடையாளம் வை, இல்லாவிட்டால் ரோட்டவேட்டருக்குத்தான் போகும்.

இரண்டு மாதத்துக்கு ஒன்றாக எடுத்துப் பார். வேட்டித் துண்டு நூல் நூலாகப் பிரிந்து, கறுப்புப் புள்ளி விழுந்து, தொட்டால் விட்டுப்போகும் நிலையில் இருந்தால் உன் மண்ணில் உயிர் இருக்கிறது. வேட்டியே அப்படியே இருந்தால் ஷீட்டிடம் எதையும் எதிர்பார்க்காதே. முதலில் எருவும் ஈரமும் கொடுக்க வேண்டிய மண் அது. வேட்டி போய், ஷீட் மட்டும் நின்றால் சரக்கில்தான் கோளாறு. பாலித்தீன் துண்டு எப்படியும் அப்படியே இருக்கும். அதைச் சும்மா ஒத்துப் பார்க்கத்தான் வைக்கிறோம். ஷீட் துண்டைத் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்: மக்கத் தொடங்கிய ஷீட்டில் மேற்பரப்பு பளபளப்பு போய் மங்கியிருக்கும், ஊசி முனை அளவு ஓட்டைகள் கொத்துக் கொத்தாக வரும், ஓட்டையின் ஓரத்தில் வெள்ளை நூலாகப் பூஞ்சை இழை ஒட்டியிருக்கும். நேராகக் கிழிந்த துண்டில் இது இருக்காது, அது வெறும் கிழிசல். கட்டம் போட்ட காகிதத்தின்மேல் வைத்து எத்தனை கட்டம் மிச்சம் என்று எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதிவிடு. அடுத்த வருடம் அதே வயலில் மறுபடியும் விரிக்கலாமா என்று இந்த நோட்டைப் பார்த்து முடிவெடு. பையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் ஒரு வருடம் இடைவெளி விடு, வயலை வேறு பயிருக்கு மாற்று.

ஷீட்டைக் கரைக்கும் நுண்ணுயிர்க் கலவை என்று யாராவது பாட்டிலோடு வந்தால், அதையும் இரண்டு பை புதைத்த இடத்தில் மட்டும் ஊற்றிப் பார். முழு ஏக்கருக்கு வாங்காதே.

ஷீட்டே வேண்டாம் என்று தோன்றினாலும் தப்பில்லை. கரும்புச் சோகையும், வைக்கோலும், நிலக்கடலைத் தொலியும் கையில் இருக்கிறவர்களுக்கு அதுதான் முதல் மூடாக்கு. மண்ணைக் குளிர வைக்கும், நுண்ணுயிருக்கு உண்மையான தீனியும் அதுதான். ஆனால் ஒரு ஏக்கர் தர்பூசணிக்கு அவ்வளவு சோகை எங்கிருந்து வரும், களை எடுக்க ஆள் எங்கே என்று நீ கேட்பாய். பாதி வயலில் ஷீட், பாதியில் சோகை என்று போட்டுப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

சாதா ஷீட்டிலேயே தொடர்ந்தால் மெல்லியதாக மட்டும் வாங்காதே. சீனாவில் சிஞ்சியாங் பருத்திக் காடுகளில் 8 மைக்ரான் ஷீட்டை வருடக்கணக்கில் விரித்து, எடுக்க முடியாமல் மண்ணிலேயே விட்டு, தண்ணீர் இறங்காத நிலமாக்கிக்கொண்டார்கள். கடைசியில் 2017இல் தரத்தை மாற்றிக் குறைந்தபட்சம் 10 மைக்ரான் என்று விதி போட வேண்டியதாயிற்று.

மறக்காமல் இரண்டு. மக்கும் ஷீட் ரோலை அடுத்த வருடத்துக்கு என்று வாங்கி அடுக்காதே. வெயில் படாத, சூடில்லாத இடத்தில் நிறுத்தி வைத்தாலும் நாளாக நாளாக வலு போய்விடும். இந்தப் பருவத்துக்கு வேண்டியதை மட்டும் எடு, மிச்சத்தை வெண்டைப் பாத்திக்கு விரித்துவிடு. அப்புறம், வெள்ளாமை எடுத்ததும் ஆட்டுக் கிடை போடச் சொல்லியிருக்கிறாயே, கிடைக்காரரிடம் இப்போதே பேசி நாளைத் தள்ளி வை. உழுது ஷீட் மண்ணுக்குள் போய், மேலே கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி முடிந்த பிறகுதான் ஆடு வயலில் இறங்க வேண்டும். மக்கும் ஷீட் மண்ணில்தான் மக்கும், ஆட்டு வயிற்றில் இல்லை.